இரண்டாம் மாடியில் யாரும் இல்லை

அந்தக் கடிதம் மூன்று வாரமாக மாடிப்படிக்கு அடியில் கிடந்திருக்கிறது. பீட்சாக் கடை நோட்டீசுகள், யாரோ வேண்டாமென்று விட்டுப்போன சுற்றுலா வரைபடங்கள், அவற்றுக்கு நடுவில். உறையில் என் பெயர் கண்ணில் பட்டதால் எடுத்தேன்.

நகராட்சி முத்திரை போட்ட கடிதம். எனக்கு இத்தாலியன் பேச வரும். அரசாங்கக் கடிதம் படிக்கிற அளவுக்கு வராது. சமையலறை மேஜையில் உட்கார்ந்து, செல்போனில் ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிப் படித்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.

விஷயம் இதுதான். 'மார்லிஸ் ஹால்வர்சன், கணவர் ட்ராவிஸ், மகள் ஜூனி ஆகிய மூவரும் மேற்படி முகவரியில் குடியிருப்பதாக மனுக் கொடுத்துள்ளனர். எங்கள் காவலர் இரண்டு சனிக்கிழமைகளில் நேரில் வந்தும் யாரையும் காணவில்லை. இரண்டாம் மாடியில் யாரும் குடியில்லை என்று பக்கத்து வீட்டார் தெரிவித்தனர்.'

கடைசி வரியை மட்டும் நாலு முறை படித்தேன். அகராதி தப்பாகச் சொல்கிறதோ என்று சந்தேகம். சரியாகத்தான் சொல்லியிருந்தது.

அந்த இரண்டாம் மாடியில் நான் பதினாலு மாதமாகக் குடியிருக்கிறேன்.

மறுநாள் காலை ஜூனி தெருமுனையில் பஸ் ஏறுவதை ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, நகராட்சி அலுவலகத்துக்கு ஓடினேன். கவுண்டரில் இருந்த பெண் கடிதத்தைப் பார்த்தாள், கம்ப்யூட்டரைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"வீட்ல இல்லாம எங்க போயிருந்தீங்க?"

"ரெண்டு தடவையும் சனிக்கிழமை வந்திருக்கார். சனிக்கிழமை நாங்க ஊர்ல இருக்க மாட்டோம்."

"எந்தச் சனிக்கிழமை?"

"எந்தச் சனிக்கிழமையும்."

அவள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "அப்ப பக்கத்து வீட்டுக்காரங்க சொன்னதுல என்ன தப்பு?"

"இன்னொரு தடவை வருவாரா?" என்றேன்.

"வருவார். அதான் கடைசி."

"எப்ப?"

"சொல்லிட்டு வந்தா அதுக்குப் பேர் சோதனையா மேடம்? விருந்து."

"முப்பத்தொண்ணாம் தேதிக்குள்ள வந்தாத்தான்... பொண்ணுக்கு ஸ்கூல் சேர்க்கை இருக்கு."

"வெளியில போகாதீங்க, வருவார். வாசல் மணியில பேர் எழுதியிருக்கீங்கல்ல?"

"நம்பர் எழுதியிருக்கோம். ரெண்டு பி."

"நம்பரா!" அவள் பக்கத்து நாற்காலிக்காரியிடம் திரும்பினாள். "கேட்டியா, இவங்க வீட்டுக்கு நம்பராம். ஜெயில்ல கூட பேர் சொல்லித்தான் கூப்பிடறாங்க." திரும்ப என்னிடம், "பேரை எழுதி ஒட்டுங்க மேடம். முதல் வேலையா" என்றாள்.

நம்பர் எழுதியது ட்ராவிஸ். இத்தாலியில் இந்த ஃபெர்ராராவுக்கு வந்த முதல் நாளே. இந்த ஊரில் வாசல் மணிகளில் எல்லாம் குடும்பப் பெயர்தான் இருக்கும். கீழே பெயர்ப்பலகையில் எட்டு மணிப் பொத்தான்கள், ஏழில் பெயர். எட்டாவதில் காலியாக ஒரு சதுரம். "தெருவுல போறவன் வர்றவனுக்கெல்லாம் என் பேரை எதுக்குச் சொல்லணும்? நெப்ராஸ்காவுல எவனாவது கதவுல பேர் எழுதறானா?" என்று சொல்லி, கறுப்பு மையில் 2-பி என்று எழுதிச் செருகினார். கட்டடத்துக்குள் இருக்கிற வீடுகளுக்கு இங்கே எண்ணே கிடையாது. எங்களுடையதற்கும் கிடையாது. அவராக வைத்ததுதான்.

அமெரிக்காவில் எங்கள் நெப்ராஸ்காவில் வேறொன்று உண்டு. புதிதாக ஒரு குடும்பம் குடிவந்தால், ஒரு வாரத்துக்குள் அக்கம்பக்கத்தார் கேக்கோ, சுட்ட உருளைக்கிழங்கோ எடுத்துக்கொண்டு வந்து கதவைத் தட்டுவார்கள். பாத்திரத்தைத் திருப்பும்போது வெறுமனே தரக்கூடாது. அதற்காகவே நான் ஊரிலிருந்து இரண்டு பை பீக்கன் பருப்பு கொண்டு வந்திருந்தேன். முதல் வாரம் முழுக்க சாயங்காலம் நாலு மணிக்கு வீட்டைப் பெருக்கி, தலை சீவி, காபிப் பாத்திரத்தைக் கழுவி வைத்து உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது வாரமும். மூன்றாவது வாரம் நானே பருப்பைத் தின்ன ஆரம்பித்தேன்.

அதற்கப்புறம்தான் பயணங்கள். ட்ராவிஸுக்கு அறுவடை இயந்திரத் தொழிற்சாலையில் மூன்று வருட ஒப்பந்தம். "மூணு வருஷத்துல இத்தாலி முழுக்கப் பார்த்துடணும் மார்லி, அப்புறம் எப்ப வரப்போறோம்?" என்று கூடத்துச் சுவரில் ஒரு வரைபடம் மாட்டினார். போய்வந்த ஊருக்கு ஒரு சிவப்பு ஊசி. வெள்ளிக்கிழமை மாலை பெட்டியோடு இறங்குவோம்; ஞாயிறு இரவு பெட்டியோடு ஏறுவோம். முப்பத்தோரு ஊசி ஆகிவிட்டது. எல்லா ஊரிலும் ட்ராவிஸும் ஜூனியும் நிற்கிற படம் இருக்கிறது. எடுத்தது நான்.

ஜூனிக்குப் பத்து வயது. இந்த ஊரில் அவளுக்கு இருக்கிற சிநேகிதி ஒரே ஒருத்தி, மாத்தில்தே. அந்த ஒருத்தி கிடைக்கவே ஒரு வருஷம் ஆயிற்று. செப்டம்பரில் இரண்டு பேரும் நடுநிலைப் பள்ளிக்குப் போக வேண்டும். மாத்தில்தே போகிற பள்ளியில் அந்த வட்டாரத்தில் குடியிருக்கிறவர்களுக்குத்தான் முதலிடம்; மிச்சம் பேரை ஆற்றுக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிடுவார்கள். எங்கள் காகிதங்களோ முதல் வருஷம் முழுக்க, நாங்கள் தங்கவே தங்காத கம்பெனி விடுதி முகவரியில் இருந்தன. ஜூனிக்காகத்தான் நவம்பரில் இந்த முகவரிக்கு மாற்றக் கேட்டேன். இப்போது ஜனவரி இருபது.

"மாத்தில்தே கூட இல்லைன்னா நான் ஸ்கூலுக்கே போகலை" என்று ஜூனி அழாமல் சொன்னாள். அழுதிருந்தால் தேவலை.

ட்ராவிஸ் வந்ததும் கடிதத்தைக் காட்டினேன்.

"சனிக்கிழமை மத்தேராவுக்கு டிக்கெட் போட்டாச்சே" என்றார்.

"நான் வரலை."

"ஒரு போலீஸ்காரன் வருவானான்னு வீட்டைக் காவல் காக்கப் போறியா? வாரம் பூரா இருக்கே, அப்ப வந்தா பத்தாதா?"

"ரெண்டு தடவையும் சனிக்கிழமைதான் வந்திருக்கார்."

"அதான் மூணாவது தடவை மாத்துவான். அந்த அளவுக்காவது மூளை இருக்கும்."

"ட்ராவிஸ், இந்த வீட்ல யாருமே இல்லைன்னு பக்கத்துல இருக்கறவங்க சொல்லியிருக்காங்க."

"விடு, அவங்களுக்கு என்ன தெரியும்?"

அதைத்தான் நானும் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. சண்டை போடாமல் வெள்ளிக்கிழமை மாலை இரண்டு பேருக்கும் பெட்டி கட்டினேன். ஜூனி சிவப்புத் தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்டு, "அவர் வந்தா நான் இருக்கேன்னு சொல்லு" என்றாள். படியிறங்கும் பெட்டிச் சக்கரச் சத்தம் கீழ்வரை கேட்டது. பதினாலு மாதத்தில் அந்தச் சத்தத்தை மேலே நின்று கேட்டது அன்றுதான்.

சனிக்கிழமை காலை எழுந்ததும் ஒரு வெள்ளை அட்டையில் ஹால்வர்சன் என்று எழுதினேன். முதல் அட்டையில் எழுத்து இடமில்லாமல் நெருங்கிவிட்டது. மூன்றாவது சரியாக வந்தது. கீழே போய் 2-பியை உருவிவிட்டு இதைச் செருகினேன். தெருவில் மூடுபனி, எதிர்ச்சாரியில் நிற்கிற சைக்கிள்கள் கூடத் தெரியவில்லை. யாரோ ஒரு கிழவர் நாயோடு போனார். நான் வணக்கம் சொன்னேன். நாய் மட்டும் பார்த்தது.

அப்புறம் மேலே வந்து உட்கார்ந்தேன்.

சனிக்கிழமையில் இந்தக் கட்டடம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பத்து மணிக்கு மேல்மாடியில் யாரோ மேஜையை நகர்த்தினார்கள். பதினொன்றுக்கு மாட்டெலும்பு வேகிற வாசனை படிவழியாக ஏறி வந்தது. கீழ்வீட்டில் இரண்டு பேர் ரேடியோவுக்கு மேலே கத்திப் பேசிச் சிரித்தார்கள். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தேன். வெள்ளிக்கிழமைதோறும் காலிசெய்து பழக்கம். பாதிப் புட்டிக் கடுகுச் சாந்தும் இரண்டு எலுமிச்சையும் இருந்தன. கடைக்குப் போகலாமென்றால், போன நேரத்தில் அவர் வந்துவிட்டால்? ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்றேன்.

ஒரு மணி. இரண்டு மணி. குளியலறைக்குப் போகக்கூடப் பயமாக இருந்தது.

இரண்டேகாலுக்கு எங்கேயோ 'கிர்ர்' என்று ஒரு சத்தம். வயதான தேனீ மாதிரி. எதிர்வீட்டுத் துணி துவைக்கிற இயந்திரம் என்று நினைத்தேன். மறுபடியும் 'கிர்ர்'. அவர்கள் வீட்டில் இயந்திரம் பழுதுபோல. இன்னொரு முறை, நீளமாக. அப்புறம் நின்றுவிட்டது.

ஒரு நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. எங்கள் வீட்டு மணி எப்படி அடிக்கும் என்று எனக்குத் தெரியாது. இதுவரை யாரும் அடித்ததில்லை.

ஜன்னலுக்குப் பாய்ந்தேன். கீழே பனிக்குள் ஒரு வெள்ளைத் தொப்பி. ஒரு சைக்கிள். அந்தத் தொப்பி குனிந்து, பைக்குள் எதையோ வைத்து, சைக்கிளைத் திருப்பியது.

ஜன்னல் கொக்கி திறக்க வரவில்லை. கதவைத் திறந்து படியில் ஓடினேன். முதல் மாடி வந்தபோதுதான் காலில் செருப்பில்லை, காலுறை மட்டும் என்று தெரிந்தது. இரண்டு படி வழுக்கினேன். வாசலை இழுத்துத் திறந்தபோது, வெளியே ஒரு பெண் குரல் கேட்டது.

"நான்தான் போன தடவையே சொன்னேனே தம்பி. இரண்டாம் மாடியில, என் எதிர்வீட்ல யாரும் இல்ல. வாரத்துக்கு ஒரு கூட்டம் பெட்டியை உருட்டிக்கிட்டு வரும், போகும். அந்த டிக்-டிக்-டிக் சத்தம் இருக்கே, நான் காலைல நாலு மணிக்கு எழுந்திரிக்கிறவ..."

"நான் இருக்கேன்!" என்று கத்தினேன். "இரண்டாம் மாடி நான்தான்!"

இரண்டு பேரும் திரும்பினார்கள். காவலருக்கு முப்பது வயதிருக்கும். அந்தப் பெண்ணுக்கு ஐம்பது. நகரப் பஸ் ஓட்டுநரின் நீலச் சட்டை, தோளில் பை. என் காலுறையைப் பார்த்தாள்.

"நீங்க எப்ப வந்தீங்க? நேத்தா?" என்றாள்.

"பதினாலு மாசம் ஆச்சு."

அவள் சிரித்தாள். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினாள். "இல்லயே. நான் உங்க எதிர்வீடு. ஒர்னெல்லா குவாந்தலீனி. அங்க டூரிஸ்ட்டுங்க வந்து தங்கறது. மணியில பேர் கூட கிடையாது, நம்பர். அந்த மாதிரி வீட்டுக்குத்தான் நம்பர் போடுவாங்க. வாராவாரம் வேற வேற ஆளு."

"வேற ஆளு இல்ல. ஒரே ஆளுங்கதான். நாங்கதான்."

"எல்லா வாரமுமா?"

"எல்லா வாரமும்."

"அட கடவுளே" என்றாள் ஒர்னெல்லா. "எல்லா அமெரிக்கக்காரங்களும் ஒரே மாதிரி இருக்காங்கன்னுதான் நினைச்சேன்."

காவலர் இருமினார். "மேல போய்ப் பார்க்கலாமா மேடம்?"

மேலே வந்தார். பெயர் பெர்கமீனி என்று சொல்லிக்கொண்டார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தார். ஒர்னெல்லாவும் கூடவே வந்தாள், அவளை யாரும் கூப்பிடவில்லை.

"மூணு பேர்னு எழுதியிருக்கு. ஒருத்தர்தான் இருக்கீங்க."

"கணவரும் பொண்ணும் மத்தேரா போயிருக்காங்க."

"நீங்க போகலையா?"

"உங்களுக்காக இருந்தேன்."

அவர் முகம் சிவந்தது. குளியலறைக்குள் எட்டிப்பார்த்தார். பல் துலக்கும் பிரஷ் ஒன்று. குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கலாமா என்று கேட்டார், திறந்தார், எலுமிச்சையைப் பார்த்துவிட்டு மூடினார். கூடத்தில் வந்து நின்றார். நாற்காலிகள் வாடகை வீட்டோடு வந்தவை. திரைச்சீலை வீட்டுக்காரர் போட்டது. நாங்களாக மாட்டிய ஒரே பொருள் அந்த வரைபடம்.

அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். "நிறையப் பார்த்திருக்கீங்க. நான் ரோமே ஒரு தடவைதான் போயிருக்கேன்." வரைபடத்தில் விரலை வடக்கே நகர்த்தினார். "ஃபெர்ராராவுல ஊசியைக் காணோமே."

உண்மைதான். ஊசி போய்வந்த ஊருக்குத்தான். இதை அவருக்கு விளக்கலாம். விளக்கினால் இன்னும் மோசமாகும்.

"மேடம், எனக்கு உங்க மேல ஒண்ணும் இல்ல" என்றார் பெர்கமீனி. "ஆனா குழந்தை இங்க இருக்குன்னு நான் எதை வெச்சு எழுதறது? துணிமணி டூரிஸ்ட்டுக் குழந்தையோடதாக்கூட இருக்கலாம். போட்டோ இருக்கா, இந்த வீட்ல எடுத்தது?"

செல்போனை எடுத்தேன். தள்ளினேன், தள்ளினேன். கடல், கோபுரம், பாலம், கடல், நீரூற்று, ட்ராவிஸ், ஜூனி. எல்லாம் வேறெங்கோ. எங்கேயோ ஒரு சர்ச் வாசலில் ஜூனி நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கிற படம் வந்தபோது, என் தோளுக்கு மேலிருந்து ஒர்னெல்லா கத்தினாள்.

"சிவப்புத் தொப்பி!"

திடுக்கிட்டுப் போனை நழுவவிட்டேன்.

"இது சிவப்புத் தொப்பி! என் பஸ்ஸுல வர்ற பொண்ணு! இது உங்க பொண்ணா?" போனை அவளே எடுத்துக்கொண்டாள். "தம்பி, இங்க பாரு. ஏழு நாப்பதுக்கு இந்த முனையில ஏறும். முன் சீட்டுலதான் உக்காரும். 'குட்மார்னிங்'னு சொல்லும் எனக்கு. ஒரு வருஷமா. காய்ச்சல்னு நாலு நாள் வரலை, அஞ்சாவது நாள் நானே கேட்டேன்."

எனக்கு அந்தக் காய்ச்சல் ஞாபகம் இருந்தது. தினமும் ஜன்னலிலிருந்து பார்க்கிற பஸ். ஓட்டுகிறவள் எதிர்வீடு.

"இங்கதான் தூங்குதுன்னு எப்படித் தெரியும்?" என்றார் பெர்கமீனி.

"ஏழு நாப்பதுக்கு, கண்ணுல பீளையோட, ஷூ லேஸ் கட்டாம ஏறுது. வேற ஊர்ல தூங்கி எழுந்திரிச்சு இங்க வந்து ஏறுமா? உனக்குக் கல்யாணம் ஆகலைல? அதான் கேக்கற."

"போன தடவை நீங்க சொன்னதும் இந்த ஃபைல்ல இருக்கு. யாரும் குடியில்லைன்னு."

"அப்பத் தெரியாது, சொன்னேன். இப்பத் தெரியுது, சொல்றேன். அடிச்சிட்டு எழுது."

"அடிக்க முடியாதுங்க. கீழ சேர்த்துத்தான் எழுத முடியும்."

"சேர்த்து எழுது. ஒர்னெல்லா குவாந்தலீனிக்குக் கண்ணு சரியில்லைன்னு எழுது. ஆனா பஸ் கம்பெனிக்கு அனுப்பிடாதே."

பெர்கமீனி முதல் முறையாகச் சிரித்தார். சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதினார். அவள் கையெழுத்துப் போட்டாள், நான் போட்டேன். "திங்கக்கிழமை கம்ப்யூட்டர்ல ஏத்திடறேன். ஸ்கூல் ஃபாரத்துல இந்த முகவரியே எழுதலாம்" என்றார். படியிறங்கும்போது, "மணியில பேர் புதுசா?" என்று கேட்டார்.

"இன்னிக்குக் காலைலதான்."

"நல்லவேளை. நம்பரா இருந்திருந்தா அடிச்சிருக்கவே மாட்டேன்."

அவர் போனதும் நானும் ஒர்னெல்லாவும் எங்கள் வீட்டு வாசலில் நின்றோம். அவள் சாவியை எடுத்தாள்.

"ஒரு தடவையாவது நீங்க கதவைத் தட்டியிருக்கலாமே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

"நீங்க தட்டுவீங்கன்னு காத்திட்டிருந்தேன்."

"நாங்களா? வந்தது யாரு? வந்தவங்கதானே தட்டி, நான் இன்னார்னு சொல்லணும்? நாங்களா போய்த் தட்டினா, என்ன வேவு பார்க்கறாளேன்னு நினைக்க மாட்டீங்களா?"

"எங்க ஊர்ல..." என்று ஆரம்பித்து விட்டுவிட்டேன். "காபி போடறேன், உள்ள வாங்களேன்."

"இன்னொரு நாள். காலைலேர்ந்து பஸ் ஓட்டிட்டிருக்கேன், படுத்தா போதும்." கதவைத் திறந்தவள் நின்றாள். "ஒண்ணு சொல்லணும். அவன் முன்னாடி வேண்டாம்னு விட்டேன். ஒரு நாள் உங்க பொண்ணுகிட்ட, எந்த வீடும்மா உனக்குன்னு கேட்டேன். 'நாங்க இங்க இருக்கறவங்க இல்ல, சுத்திப் பார்க்க வந்திருக்கோம்'னு சொல்லுச்சு. அதான் நான் யோசிக்கவே இல்ல."

அவள் கதவு மூடியது. நான் இரண்டு பேருக்குக் காபி போட்டேன், கை பழக்கத்தில். ஒன்றைக் குடித்தேன். மற்றதை ஆறவிட்டு, இருட்டும்வரை விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. தூங்கியிருப்பாள்.

ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்கு 'கிர்ர்' என்றது. இந்த முறை தெரிந்துவிட்டது. சுவரில் மாட்டியிருந்த, கீழ்வாசலோடு பேசும் கருவியை எடுத்தேன்.

"யாரு?"

"ஹால்வர்சன்!" ஜூனியின் குரல். "அம்மா, நம்ம பேரு இங்க இருக்கு!"

பின்னால் ட்ராவிஸ் முணுமுணுத்தார். "சாவிதான் கைல இருக்கே, எதுக்கு மணி அடிக்கற? யாரு பேரை எழுதினது?"

"அவர் வந்தாரா?" என்றாள் ஜூனி.

"வந்தார்."

"நான் இருக்கேன்னு சொன்னியா?"

"சொன்னேன். எழுதிக்கிட்டார். மாத்தில்தே ஸ்கூல்தான் உனக்கு."

கீழே ஒரு கூச்சல். அப்புறம் பெட்டி கீழே விழுந்த சத்தம். ட்ராவிஸ் எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை என்ற வார்த்தை மட்டும் கேட்டது.

"திற அம்மா" என்றாள் ஜூனி. "சாவி வேண்டாம். நீயே திற." மறுபடியும் மணியை அடித்தாள்.

கருவியில் மூன்று பொத்தான்கள் இருந்தன. வாசல் கதவைத் திறப்பது எது என்று எனக்குத் தெரியவில்லை. மூன்றையும் அமுக்கினேன். எங்கேயோ ஒரு விளக்கு எரிந்தது, அவ்வளவுதான். மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன்.